முதியோர் நினைவில் விளையாட்டு: பளைப் பிரதேசத்தை முன்வைத்து ஒரு நோக்கு

1

ஈழத்துத் தமிழிற் கடந்த நான்கைந்து தசாப்தங்களாகப் பெருகிவந்துள்ள எழுத்துவகைகளுள் ஊர் நினைவெழுத்தும் ஒன்று. பாடசாலைகளின் வெள்ளிவிழா, நூற்றாண்டு மலர்கள், கோயிற் குடமுழுக்கு மலர்கள், புலம்பெயர் நாடுகளிலுள்ள பழைய மாணவர் சங்கங்களின் ஆண்டு மலர்கள், ஒருவர் மறைந்து முப்பத்தோராம் நாளில் வெளியிடப்படுவதும் யாழ்ப்பாண வழக்கிலே ‘கல்வெட்டு’ எனப்படுவதுமான நினைவு நூல்கள் ஆகியவற்றைப் புரட்டிப் பார்ப்போர் அவற்றிடையே ஒரு பொதுக்கூற்றை எளிதில் அவதானிக்கலாம். எழுதுபவர் எத்தொழிலினராயினும், எந்நாட்டில் வாழ்பவராயினும், தமது இளமைக்கால விளையாட்டுகளைப் பற்றி ஒரு பந்தியேனும் எழுதாமல் விடுவதில்லை. கிளித்தட்டு, கிட்டி, போளை, கொக்கான், பட்டம் என்ற பட்டியலும், அதனைத் தொடர்ந்து பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டி பற்றிய ஒரு நினைவும், ஈற்றில் ‘இன்றைய பிள்ளைகளுக்கு இவையெல்லாம் ஏது?’ என்ற பெருமூச்சும் ஏறத்தாழ ஒரு வாய்பாடாகவே அமைந்துவிட்டன.

இலக்கிய ஆய்வாளர் இவ்வெழுத்துகளைப் பொருட்படுத்துவதில்லை. அவை அவர்களுக்கு வெறும் உணர்ச்சிப் பெருக்கு. நாட்டார் வழக்காற்றியலாளரோ விளையாட்டின் பெயரையும் விதியையும் மாத்திரம் எடுத்துக்கொண்டு, அவற்றைச் சுற்றியுள்ள ஏக்கத்தை உமியெனத் தள்ளிவிடுகின்றனர். ஏக்கமும் ஒரு சமூக உற்பத்தியே என்பதை இரு சாராரும் மறந்துவிடுகின்றனர். யார் எதனை நினைக்கிறார், எதனை நினைக்காது விடுகிறார், அந்நினைவு எந்த நிலத்தின்மீது, எந்த உடைமை உறவுகளின்மீது நிற்கிறது என்னும் வினாக்களை எழுப்பாமல் இந்நினைவுகளை விளங்கிக்கொள்ள முடியாது. இக்கட்டுரை அவ்வினாக்களைப் பளைப் பிரதேசத்தை முன்வைத்து எழுப்ப முயல்கிறது.

பளையை எடுத்துக்கொள்வதற்குக் காரணமுண்டு. பச்சிலைப்பள்ளிப் பிரிவின் மையமான இவ்வூர் புவியியல் நோக்கில் யாழ்ப்பாணக் குடாநாட்டின் தென்கிழக்கு விளிம்பிலும், நிருவாக நோக்கில் 1984ஆம் ஆண்டில் உருவாக்கப்பெற்ற கிளிநொச்சி மாவட்டத்திலும் அமைந்துள்ளது. குடாநாட்டார் இதனை வன்னியின் வாசல் என்பர். வன்னியார் யாழ்ப்பாணத்தின் வாசல் என்பர். கண்டி வீதியும் 1905இல் நிறைவெய்திய வடபகுதிப் புகையிரதப் பாதையும் இதனூடாகவே செல்கின்றன. மணற்பாங்கான நிலமும் பரந்த தென்னந்தோப்புகளும் இப்பகுதியின் அடையாளங்கள். இறுதியாக, 2000ஆம் ஆண்டு முதல் 2009 தொடக்கம் வரை ஈழப்போரின் முன்னரங்கு இவ்வூரின் வடக்கே முகமாலையூடாகச் சென்றது. விளையாட்டு நினைவு ‘இழந்துவிட்டோம்’ என்று சொல்லும்போது, இழந்தது எது என்று கேட்பதற்கு இதனினும் பொருத்தமான ஓரிடத்தைக் காண்பது அரிது.

2

முதுமையில் இளமை விளையாட்டை எண்ணி இரங்குதல் தமிழில் இன்று நேற்றுத் தோன்றியதன்று. புறநானூற்றின் 243ஆம் பாடல் இதற்கு நாமறிந்த பழைய சான்று. முதியவர் ஒருவர் பேசுகிறார். மணலிற் பாவை செய்து பூச்சூட்டியது, பொய்கையிற் பெண்களுடன் கைகோத்து ஆடியது, கரையில் நின்ற மருதமரத்தின் தாழ்ந்த கொம்பிலேறி, நிற்போர் வியக்க ஆழ்நீரிற் குதித்து அடியிலிருந்து மணல் அள்ளி வந்தது ஆகியவற்றை நினைவுகூர்கிறார். இப்போதோ கையிற் பூணிட்ட தடி. இருமலுக்கிடையே சில சொற்கள். பாடியவரின் இயற்பெயர் மறைந்து, அத்தடியைக் குறிக்கும் தொடரே அவருக்குப் பெயராகித் தொடித்தலை விழுத்தண்டினார் எனப்பட்டார். முதுமை ஒருவரின் பெயரையும் விழுங்கிவிடும் என்பதற்கு இதனை விடச் சிறந்த உவமை தேவையில்லை.

இப்பாடலின் ஏக்கம் தூய்மையான ஏக்கம். பொய்கை அங்கேயே இருக்கிறது, மருதமும் நிற்கிறது, வேறு சிறுவர் அதிலிருந்து குதித்துக்கொண்டிருக்கக்கூடும். மாறியது குதித்தவரின் உடல் மட்டுமே. காலம் என்பது இங்கு இயற்கையின் காலம். வரலாறு இதிற் குறுக்கிடவில்லை.

மேலை நாட்டில் இவ்வுணர்வுக்குப் பெயர் வந்த வரலாறு வேறுவகையானது. 1688இல் பாசல் நகரில் ஜொஹானஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர், வீடு திரும்புதல், வலி எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்து ‘நொஸ்ரால்ஜியா’ என்ற சொல்லை ஆக்கினார். அது அவருக்கு ஒரு நோயின் பெயர். ஊரைப் பிரிந்து அந்நிய மண்ணில் வாழ நேர்ந்தவரை வாட்டும் நோய் அது. பிற்காலத்தில் அந்நிய அரசுகளுக்காகக் கூலிக்குப் போரிட்ட சுவிற்சர்லாந்துச் சிப்பாய்களின் நோயாகவே பெரிதும் பேசப்பட்டது. ஆகவே அச்சொல் பிறக்கும்போதே இடப்பெயர்வையும், விரைவிலேயே கூலியையும் போரையும் தன்னுள் கொண்டிருந்தது. பின்னரே அது காலத்தை எண்ணி இரங்குதல் என மென்மையுற்றது. தமிழில் இதற்கு ‘நனவிடை தோய்தல்’ என்ற அழகிய தொடரை எஸ். பொன்னுத்துரை தமது யாழ்ப்பாண இளமை நினைவுகளின் தலைப்பாக வழங்கினார். முற்போக்கு அணியோடு பிணங்கிப் பிரிந்த ஒருவரிடமிருந்து முற்போக்காளரும் ஒரு நல்ல சொல்லைக் கடன் வாங்குவதில் தவறில்லை.

றேமன்ட் வில்லியம்ஸ் 1973இல் வெளியிட்ட ‘நாட்டுப்புறமும் நகரமும்’ என்ற நூலில் இவ்வுணர்வின் ஏமாற்றை நன்கு எடுத்துக்காட்டினார். ஒவ்வொரு தலைமுறை ஆங்கில எழுத்தாளரும் ‘பழைய நல்ல கிராமம்’ தமது சிறுபராயத்தோடு மறைந்ததாகவே எழுதியுள்ளனர். அச்சிறுபராயத்து எழுத்தாளரைப் பார்த்தால் அவரும் தமக்கு முந்திய தலைமுறையையே காட்டுகிறார். இவ்வாறு பின்னோக்கிச் சென்றுகொண்டேயிருக்கலாம். இவ்வெச்சரிக்கை எமக்கும் வேண்டியதே. எனினும் வில்லியம்ஸ் அவ்வேக்கத்தைப் பொய்யென ஒதுக்கவில்லை. ஒவ்வொரு காலத்திலும் அதற்குப் பின்னாலிருந்த நிலவுடைமை மாற்றத்தைத் தேடினார். பளை முதியோரின் ஏக்கத்திலும் இரு இழப்புகள் பின்னிக்கிடக்கின்றன. ஒன்று முதுமை தந்த இழப்பு. மற்றது மனிதர் மனிதருக்கு இழைத்தது. நினைவு மலர்களின் மொழி இரண்டையும் ஒன்றாக்கி, இரண்டாவதையும் முதலாவதைப் போலவே காலத்தின் கோலம் ஆக்கிவிடுகிறது. ஆய்வாளரின் பணி இவற்றை மீண்டும் பிரித்தெடுப்பதாகும்.

3

விளையாட்டு முந்தியதா, உழைப்பு முந்தியதா என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிற் பெரிதும் விவாதிக்கப்பட்ட வினா. ஜெர்மானியப் பொருளியலாளரான கார்ல் பியூஹர் விளையாட்டே முந்தியது என்றார். பிளெஹானவ் ‘முகவரியற்ற கடிதங்கள்’ எனும் கட்டுரைத் தொடரில் இதனை மறுத்தார். தனியொருவர் வாழ்விற் பிள்ளைப்பருவ விளையாட்டு உழைப்புக்கு முன்வருவது உண்மையே. ஆனால் சமூகத்தை முழுமையாக நோக்குமிடத்து, பிள்ளை எதனைப் போலச் செய்கிறதோ அந்த உழைப்பு ஏற்கெனவே அங்கு இருக்கிறது என்பது அவர் வாதம். 1938இல் ஹுய்சிங்கா விளையாட்டைப் பண்பாட்டுக்கும் முந்தியதாக உயர்த்தி எழுதியபோதும் பிளெஹானவின் அடிப்படைத் தருக்கம் தகர்ந்துவிடவில்லை. அது எத்துணை உறுதியானது என்பதைப் பளையின் விளையாட்டுப் பொருள்களே காட்டும்.

அப்பொருள்களை நோக்குக. குரும்பட்டியில் ஈர்க்குக் குத்திச் செய்த தேர், தென்னோலையிற் பின்னிய பந்து, ஊதல், பாம்பு, காற்றாடி, சிரட்டையில் மணற்சோறு, மட்டையிற் செதுக்கிய துடுப்பு, நுங்குக் கோம்பை இரண்டைத் தடியிற் கோத்த வண்டில். தாய் கிடுகு பின்னுமிடத்திற் பிள்ளை ஓலைப்பந்து பின்னுகிறது. தகப்பன் தேங்காய் உரிக்குமிடத்திற் பிள்ளை குரும்பட்டி பொறுக்குகிறது. பணம் கொடுத்து வாங்கிய பொருள் ஒன்றேனும் இதில் இல்லை. ‘நாங்கள் ஒரு சதம் செலவழிக்காமல் விளையாடினோம்’ என்று முதியோர் பெருமையோடு கூறுவது இதனையே. கூற்று உண்மையானது, ஆனால் முழு உண்மையன்று.

ஏனெனில் அந்தத் தென்னை யாருடையது? பச்சிலைப்பள்ளியின் தென்னந்தோப்புகள் இயற்கையாக எழுந்தவையல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஐரோப்பியத் தோட்டக்காரர் காடழித்து உருவாக்கிய பெருந்தோட்டங்களே அவற்றின் தொடக்கம். பின்னர் அவற்றுட் பல உள்நாட்டுச் செல்வந்தரின் உடைமையாயின. தோப்பில் விழுந்த ஓலை கிடுகாகும், மட்டை விறகாகும், பன்னாடை அடுப்பு மூட்டும். எல்லாமே விலையுள்ளவை, எல்லாமே உரிமையாளருடையவை. ஊர்ப்பிள்ளைகள் தோப்புக் காவற்காரனுக்கு ஒளித்து ஓலை பொறுக்கிய கதை இங்கு வேடிக்கைக் கதையாகவே சொல்லப்படுகிறது. இளம் மார்க்ஸ் 1842இல் றைன் மாகாணத்து விறகுத் திருட்டுச் சட்டம் பற்றி எழுதிய கட்டுரைகளை அறிந்தோர்க்கு அது வேடிக்கையாகத் தோன்றாது. மரத்திலிருந்து தானே விழுந்த சுள்ளியைப் பொறுக்கும் ஏழையின் வழக்குரிமையைச் சட்டம் எவ்வாறு களவாக மாற்றியது என்பதே அவர் அங்கு எழுப்பிய பிரச்சினை. குரும்பட்டித் தேர் அவ்வழக்குரிமையின் கடைசி எச்சம் எனலாம். தோப்பு தனியாருக்கு, விழுந்த குரும்பட்டி பிள்ளைக்கு என்ற எழுதாச் சட்டம் ஒன்று நிலவியது. முதியவர் ‘செலவில்லாத விளையாட்டு’ என்று நினைவுகூர்வது இந்த எழுதாச் சட்டத்தைத்தான்.

போர்த்தேங்காய் அடித்தல் இத்தொடர்பிற் சிறப்பாக நோக்கத்தக்கது. சித்திரைப் புத்தாண்டையொட்டி நடைபெற்ற இவ்விளையாட்டில், ஒருவர் தேங்காயை மற்றவர் தம் தேங்காயால் அடிப்பர், உடைந்தது தோற்றது. தடித்த சிரட்டையுடைய காயைத் தட்டிப் பார்த்துத் தெரிவதே இதில் ஒரு கலை. சிங்கள மக்களிடையே இதே விளையாட்டு ‘போர பொல்’ என்ற பெயரிற் பத்தினித் தெய்வ வழிபாட்டோடு இணைந்துள்ளது. மட்டக்களப்பிற் கண்ணகி வழிபாட்டோடு இணைந்த கொம்புமுறி, சிங்களவரின் ‘அங் கெலிய’ ஆகியனவும் இவ்வினத்தனவே. மட்டக்களப்பில் வடசேரி, தென்சேரி என ஊர் இரண்டாகப் பிரிந்து நின்று கொம்பிழுக்கும். சடங்கு நலிவுற, போட்டி மாத்திரம் எஞ்சி விளையாட்டாவது மானிடவியலிற் பலமுறை காட்டப்பட்ட வளர்ச்சி. இனமுரண்பாட்டை முதன்மைப்படுத்தி எழுதப்படும் வரலாறுகள் இரு மொழியினரும் ஒரே தெய்வத்தின் பெயரால் ஒரேவகைத் தேங்காயை உடைத்தமையைச் சொல்வதில்லை. நினைவெழுத்தும் இதனைச் ‘சைவத் தமிழரின் பாரம்பரிய விளையாட்டு’ என்று சுருக்கிவிடுகிறது.

கிளித்தட்டு பற்றி அதிகம் எழுதப்பட்டுள்ளது; எனவே ஒன்றிரண்டு கூறி அமையலாம். நிலத்திற் கீறிய நீள்சதுரக் கட்டங்கள். குறுக்குக் கோடுகளில் மறிப்போர். நடுக்கோட்டிலும் ஓடக்கூடிய ‘கிளி’. மறித்தோரைத் தாண்டிக் கடைசிக் கட்டம் சென்று மீள்வோர் ‘பழம்’. தமிழ்நாட்டிலும், மகாராட்டிரத்தில் ‘ஆட்யா பாட்யா’ என்ற பெயரிலும் இதன் ஒத்த வடிவங்கள் உண்டு. கிளி என்ற பெயரைக் கொண்டு இதனைத் தினைப்புனங் காவலோடு இணைத்துக் காண்போர் உளர். சொல்லொப்புமை மாத்திரம் சான்றாகாது. எமக்கு முக்கியமானது இதற்கு வேண்டிய நிலம். கொக்கானுக்கு ஒரு திண்ணை போதும். கிளித்தட்டுக்கு வேலியற்ற வெளி வேண்டும். அறுவடை முடிந்த வயல், கோயில் வீதி, குளத்தங்கரை, நிலவுக் காலத்து மணல்வெளி ஆகியன அத்தகைய வெளிகள்.

கோயில் வீதி எனும்போது ஒரு வினா எழாமற் போகாது. யார் அவ்வீதியில் விளையாடினர்? வடபகுதிக் கோயில்களில் ஒடுக்கப்பட்ட சாதியினர் நுழைவதற்கான போராட்டம் 1966 ஒக்ரோபரிற் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலத்தோடு புதிய கட்டத்தை எய்தியது. 1968இல் மாவிட்டபுரம் அதன் களமாயிற்று. கே. டானியலின் ‘பஞ்சமர்’ நாவல் 1972இல் வெளிவந்தது. நினைவெழுத்தில் இடம்பெறும் ‘ஊர்ப்பிள்ளைகள் எல்லாரும் ஒன்றாக விளையாடினோம்’ என்ற வாக்கியத்தின் ‘எல்லாரும்’ என்ற சொல்லைப் படிக்கும்போது இவ்வாண்டுகளை மனங்கொள்ளல் வேண்டும். கோயில் வீதியில் நிற்கவே உரிமை மறுக்கப்பட்ட பிள்ளைகள் அவ்வீதியின் கட்டத்துக்குள் எவ்வாறு நின்றிருப்பர்? மாலையில் மாடு சாய்க்கவும், விறகு பொறுக்கவும், கூலிக்குத் தேங்காய் சுமக்கவும் சென்ற பிள்ளைக்கு விளையாட்டு நேரம் எது? விளையாட்டு பற்றிய நினைவு பெரும்பாலும் ஓய்வு பெற்றிருந்தோரின் நினைவு. ஓய்வு என்பது வர்க்க வகையால் பங்கிடப்பட்ட ஒன்று. நற்றிணையின் மூன்றாம் பாடல் வேப்பமர நிழலிற் கட்டங்கீறி நெல்லிக்காய் வட்டாடும் கல்வியறியாச் சிறுவரைக் காட்டுகிறது. வில்லால் வாழும் எயினரின் பிள்ளைகள் அவர்கள். அச்சிறுவர் முதியவராகித் தம் விளையாட்டைப் பாடிய பாட்டு ஏதும் எமக்குக் கிட்டவில்லை. பொய்கையிற் குதித்தவரின் பாட்டே கிட்டியது.

4

பாடசாலை விளையாட்டு இதற்கு முற்றிலும் மாறான வழியில் வந்தது. விளையாட்டை ஒழுக்கப் பயிற்சியாகக் கொண்ட விக்ரோரிய இங்கிலாந்தின் உயர்குடிப் பாடசாலைகளிலிருந்து மிசனறிக் கல்லூரிகளினூடாக அது யாழ்ப்பாணம் வந்தது. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கும் பரி. யோவான் கல்லூரிக்கும் இடையிலான துடுப்பாட்டப் போட்டி 1904இல் தொடங்கியது. இன்று ‘வடக்கின் பெரும் போர்’ எனப்படுகிறது. பின்னர் சைவப் பாடசாலைகளும் அதே அமைப்பை ஏற்றன. இல்லங்களுக்குத் துரைமாரின் பெயருக்குப் பதிலாக நாவலர் முதலியோரின் பெயரை இட்டன. பெயர் மாறிற்று, விசில், நிறுத்தற் கடிகாரம், அணிநடை, வெற்றிக் கேடயம் ஆகியன மாறவில்லை.

கிளித்தட்டுக்கும் நூறு யார் ஓட்டத்துக்கும் இடையிலான வேறுபாடு அளவையின் வேறுபாடு. முன்னையதற்கு நிலவு மறையும்வரை நேரம். வென்றவரை மறுநாள் எவரும் நினைப்பதில்லை. பின்னையதில் நேரம் செக்கனாகத் துண்டாடப்பட்டுப் பதிவேட்டில் ஏறுகிறது. ஈ. பி. தொம்சன் 1967இல் எழுதிய கட்டுரையொன்றில், தொழிற்சாலை முதலாளித்துவம் உழைப்போரின் உடலிற் கடிகாரத்தைப் புகுத்திய வரலாற்றை விளக்கினார். தொழிற்சாலை இல்லாத பளையிற் கடிகாரம் விளையாட்டுத் திடலின் வழியாக வந்தது என்பது ஓரளவு மிகைக்கூற்றாகலாம். புகையிரத நிலையம் அதற்கு முன்னரே வந்துவிட்டது.

ஆயினும் இவ்விளையாட்டைக் குடியேற்றவாதத்தின் கருவி என்று மாத்திரம் கூறி முடிப்பது இயங்கியல் நோக்காகாது. திரினிடாட்டைச் சேர்ந்த மார்க்சியரான சி. எல். ஆர். ஜேம்ஸ் துடுப்பாட்டம் பற்றி 1963இல் எழுதிய நூல், ஆள்வோரின் விளையாட்டை ஆளப்பட்டோர் தமதாக்கிக்கொண்ட விதத்தை விளக்குகிறது. வடபகுதியில் இம்மாற்றத்தின் திருப்புமுனை 1945இன் இலவசக் கல்வி. அதன்பின் கட்டணம் செலுத்தவியலாக் குடும்பத்துப் பிள்ளைகள் திடலுக்குள் வந்தனர். பாடசாலைகளிற் சம ஆசனத்துக்காக 1930ஐ அண்டிய காலத்திற் கடும் எதிர்ப்பிடையே போராட வேண்டியிருந்த சமூகத்தில், சுண்ணாம்பாற் கீறிய ஓட்டப்பாதை ஒரு புதுமை. அங்கு முன்னால் ஓடுபவர் முன்னால் ஓடுபவரே. திடலோரத்துத் தண்ணீர்ப் பானையில் வேற்றுமை எஞ்சியிருந்த இடங்களிலும், கோட்டுக்குள் அவ்வேற்றுமைக்கு இடமிருக்கவில்லை. கிராமத்தின் ‘சொந்த’ விளையாட்டு சிலரை வெளியே நிறுத்த, அந்நியரின் விளையாட்டு அவர்களை உள்ளே விட்டது. பாரம்பரியம் எனில் நல்லது, இறக்குமதி எனில் தீயது என்ற எளிய சூத்திரம் இங்கு உதவாது.

ந. எதிர்வீரசிங்கம் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரித் திடலிலிருந்து சென்று 1952, 1956 ஒலிம்பிக் விழாக்களிற் பங்குபற்றி, 1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் உயரம் பாய்தலில் இலங்கைக்கு முதலாவது ஆசியத் தங்கத்தை வென்றபோது, வடபகுதிக் கிராமப் பாடசாலைகள் பலவற்றிலும் மணற்குழியும் மூங்கிற்றடியும் புது மதிப்புப் பெற்றன. அதே 1958இல் தென்னிலங்கையில் தமிழருக்கெதிரான வன்செயல் நிகழ்ந்தது. தங்கம் வென்றது அவ்வன்செயல் தொடங்கிய அதே மே மாதம். அத்தலைமுறை முதியோரின் விளையாட்டு நினைவில் இவ்விரண்டும் அடுத்தடுத்து நிற்பதில் வியப்பில்லை.

இல்ல விளையாட்டுப் போட்டியை முதியோர் நினைவுகூரும் முறை கவனத்துக்குரியது. அவர்கள் செக்கனைச் சொல்வதில்லை. இல்லக் கொட்டிலுக்குக் கிடுகும் குருத்தோலையும் தோரணமும் கட்டிய முதல்நாள் இரவு, தேசிக்காய்க் கரண்டி ஓட்டம், சாக்கோட்டம், சங்கீதக் கதிரை, அஞ்சலோட்டத்திற் கோல் தவறி விழுந்தமை, வினோத உடைப் போட்டி, பெற்றாரின் கயிறிழுத்தல் ஆகியவையே பேச்சில் வருகின்றன. அளவைக்கு அடங்காத பகுதியையே நினைவு தேர்ந்துகொள்கிறது. பதிவேடு எழுதி வைத்ததை அவர் மறந்துவிட்டார். பதிவேடு விட்டுவிட்டதையே காத்து வைத்திருக்கிறார். கூட்டாகக் கொட்டில் கட்டிய அந்த இரவு, கிடுகு பின்னும் ஊரின் கூட்டுழைப்பு பாடசாலைக்குள் நுழைந்த தருணம் என்பதும் நோக்கத்தக்கது.

பெண்களின் நினைவு இங்கெல்லாம் குறுகியது. கொக்கான், எட்டுக்கோடு, கெந்தித் தொடுதல், ஊஞ்சல், சிரட்டையிற் சோறு காய்ச்சுதல் எனப் பட்டியல் நீளும், காலம் நீளாது. சாமத்தியப்பட்ட நாளோடு வெளியில் ஓடும் உரிமை முடிந்தது. ஆணின் இளமை நினைவு பதினெட்டு வயது வரை செல்ல, பெண்ணின் நினைவு பன்னிரண்டு, பதின்மூன்றில் நின்றுவிடுகிறது. நற்றிணை 172இல் ஒரு பெண்ணின் விளையாட்டு நினைவு வருகிறது. அவள் தோழியரோடு விளையாடுகையில் மணலில் அழுத்திய புன்னை விதை மரமாகிறது. அதனைத் தங்கை என்கிறாள் தாய். அத்தங்கையின் முன் காதலனுடன் பேச நாணுகிறாள் மகள். ஆணுக்கு இழந்த விடுதலையாக வரும் நினைவு பெண்ணுக்கு ஒழுக்கக் காவலாக வருகிறது. வலைப்பந்தாட்டமும் பெண்கள் ஓட்டமும் பாடசாலை வழியாக வந்தபின்னரே இந்நிலை சிறிது தளர்ந்தது.

5

இனி, மனிதர் இழைத்த இழப்பு.

1990 யூன் மாதத்தோடு வடபகுதிப் புகையிரதம் நின்றது. தேசிய மின்வழங்கல் அறுந்தது. எரிபொருள், மின்கலம் முதலியன பொருளாதாரத் தடைக்குட்பட்டன. பலர் வியப்போடு குறிப்பிடும் ஒரு செய்தி இங்கே விளக்கம் பெறுகிறது: தென்னிலங்கையிலும் தமிழ்நாட்டிலும் தொலைக்காட்சி வீடுதோறும் புகுந்த 1990களில், வன்னிப் பிள்ளைகள் கிளித்தட்டும் கிட்டியும் ரயர் உருட்டலும் ஆடிக்கொண்டிருந்தனர். இதனைப் பண்பாட்டு உறுதியின் சான்றாகக் காட்டுவோர் உண்டு. உண்மையில் அது முற்றுகையின் விளைவு. பாரம்பரியம் பேணப்பட்டதன்று; வேறெதுவும் உள்ளே வர விடப்படவில்லை. இன்று முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் இருப்போர் தம் பெற்றாரின் விளையாட்டையே நினைவாகக் கொண்டிருப்பதன் பொருளியல் அடிப்படை இதுவே.

அவ்விளையாட்டோடு புதியதொன்றும் சேர்ந்தது. மட்டை துவக்காயிற்று, பதுங்குகுழி ஒளித்துப் பிடிக்கும் இடமாயிற்று, பிள்ளைகள் ஆமியும் இயக்கமுமாகப் பிரிந்து விளையாடினர். ஆமியாக நிற்க எவரும் விரும்பாமையால் வயதிற் சிறியோரையே அதற்கு நிறுத்தினர். பெரியோரின் முதன்மையான செயற்பாடு எதுவோ அதனையே பிள்ளை போலச் செய்கிறது என்ற பிளெஹானவின் கூற்றுக்கு இவ்வளவு துயரமான சான்றினை அவரும் எதிர்பார்த்திருக்கமாட்டார். அப்பிள்ளைகளிற் பலருக்கு அது விளையாட்டாக நின்றுவிடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அவர்கள் விரும்பிச் சென்றனர் என்றோ, எல்லாரும் இழுத்துச் செல்லப்பட்டனர் என்றோ ஒரே சொல்லில் முடிப்பது நேர்மையாகாது. ஆனால் பிள்ளைகள் போரிற் சேர்க்கப்பட்டமை மறுக்கவியலாதது. முதியோரின் விளையாட்டுப் பேச்சு இவ்விடத்திற் பெரும்பாலும் மௌனமாகிவிடுகிறது. அணியில் யார் யார் நின்றனர் என்று பெயர் சொல்லத் தொடங்கினால், பெயர்களிற் பல மீளாதவை.

2000 ஏப்ரலில் ஆனையிறவுத் தளம் விடுதலைப் புலிகளிடம் வீழ்ந்தபின், கிளாலி, முகமாலை, நாகர்கோவில் என நீண்ட கோடு போர்முனையாயிற்று. 2002இல் போர் நிறுத்த உடன்பாட்டையடுத்துக் கண்டி வீதி திறக்கப்பட்டபோது முகமாலை சோதனைச் சாவடியாக இருந்தது. 2006 ஆகத்தில் மீண்டும் மூடப்பட்டது. 2009 சனவரியில் இராணுவம் இப்பகுதி முழுவதையும் கைப்பற்றியது. தென்னைகள் தலையற்று நின்றன. பல ஆண்டுகளாக இரு தரப்பும் புதைத்த கண்ணிவெடிகளால் முகமாலையும் அதன் சுற்றுப்புறமும் நாட்டிலேயே மிக அடர்த்தியான வெடிநிலங்களுள் ஒன்றாகின. புகையிரதம் 2014 மார்ச்சிற் பளை வரை வந்தது. அவ்வாண்டு ஒக்ரோபரில் யாழ்ப்பாணம் சென்றது. அதன்பின்னரும் ஆண்டுக்கணக்காகப் பாதையோரத்துக் காணிகளில் மண்டையோட்டுச் சின்னம் பொறித்த சிவப்புப் பலகைகள் நின்றன.

இவ்விடத்திலேதான் புறநானூற்று முதியவரும் பளை முதியவரும் பிரிகின்றனர். முன்னவருக்குப் பொய்கை எஞ்சியிருந்தது, உடல் எஞ்சவில்லை. பின்னவர் தம் பேரப்பிள்ளைக்குக் கிளித்தட்டின் விதியைச் சொல்லிக் கொடுக்க வல்லவராயிருந்தும், கோடு கீறிய வெளிக்குள் அப்பிள்ளையைக் காலெடுத்து வைக்க விடமுடியாத ஆண்டுகளைக் கண்டார். ‘கண்டதையும் தொடாதே, பாதையை விட்டு இறங்காதே’ என்பதே மீள்குடியேறிய பிள்ளைகள் முதலிற் கற்ற விதி. இன்றைய பிள்ளைகள் கைத்தொலைபேசிக்குள் புதைந்துவிட்டனர் என்ற வழமையான குறைகூறலை இப்பகுதி முதியோரும் கூறுவதுண்டு. அவ்வாறு கூறும்போது அவர்கள், இப்பிள்ளைகளுக்கு வீட்டுக்குள்ளேயே இருக்கும்படி முதலிற் சொன்னவர்கள் தாங்களே என்பதையும், அப்படிச் சொல்ல நேர்ந்த காரணத்தையும் பேசாது விடுகின்றனர். நினைவு மலரின் வாய்பாடு எவ்வளவு வலிமையானது என்பதற்கு இது சான்று: சொந்த வாழ்வின் மிகக் கொடிய அனுபவத்தையும் ஒதுக்கிவிட்டு, ‘காலம் மாறிவிட்டது’ என்ற பொதுத்தொடர் அவர்தம் வாயில் அமர்ந்துகொள்கிறது.

மார்க்ஸ் 1857இல் எழுதிய முன்னுரைக் குறிப்பொன்றிற் கிரேக்கக் கலையைப் பற்றிப் பேசுகையில், வளர்ந்தவர் மீண்டும் பிள்ளையாக முடியாது, ஆனால் பிள்ளையின் உண்மையை உயர்ந்த படியில் மீளவும் ஆக்க முயலலாம் என்ற கருத்துப்பட எழுதினார். இதனை ஏக்கத்துக்கு எதிரான கூற்றாகச் சிலர் கொள்வர். எமக்கு அது ஏக்கத்திடம் வைக்கவேண்டிய கோரிக்கையாகவே தோன்றுகிறது. பளை முதியோரின் நினைவில் மீள ஆக்கத்தக்கவை எவை? நிச்சயமாகச் சாதி பார்த்துப் பிரித்த அணியன்று. பன்னிரண்டு வயதில் நிறுத்தப்பட்ட சிறுமியின் ஓட்டமன்று. விலை கொடுத்து வாங்காத விளையாட்டுப் பொருளும், வேலியற்ற வெளியும், பதிவேட்டுக்கு அடங்காத பொழுதும் அவ்வகையில் அடங்கும். இம்மூன்றும் இன்று பளையில் வெவ்வேறு காரணங்களால் அருகியுள்ளன. வெடி அகற்றப்பட்ட நிலம் உரியவரிடம் மீளும்போது முதலில் எழுவது எல்லை வேலி. அது இயல்பானதுங்கூட, ஏனெனில் இழந்த காணியை மீளப் பெற்றவர் அதன் எல்லையையே முதலிற் காக்க விரும்புவார். பொதுவெளிக்கு உறுதியும் இல்லை, உரித்தாளரும் இல்லை. எனவே அதனை மீளக் கேட்பாரும் இல்லை. பட்டம் ஏற்றிய காற்று மாத்திரம் மாறவில்லை. புலோப்பளைப் பக்கம் 2010களில் எழுந்த காற்றாலைகள் அதனையும் மின்னலகாகக் கணக்கிட்டு விற்கின்றன.

விளையாட்டு நினைவுகளைத் தொகுப்போர், விதியோடு இடத்தையும், இடத்தோடு அதன் உடைமையையும், அணியில் நின்றோரோடு நிற்க விடப்படாதோரையும் சேர்த்தே பதிவு செய்தல் வேண்டும். முதலிற் கேட்கவேண்டியது பெண்களிடம். முகமாலை வெடிநிலங்களில் மண்ணை அங்குலம் அங்குலமாகக் கிளறிக் கண்ணிகளை அகற்றிய தொழிலாளருட் பெருந்தொகையினர் உள்ளூர்ப் பெண்கள். போரிற் கணவரையோ தகப்பனையோ இழந்து குடும்பத்தைத் தாங்குவோர் அவர்களுட் பலர். முகக்கவசமும் கனத்த அங்கியும் அணிந்து, இருபுறமும் தடி நட்டு எல்லை குறித்த ஒடுங்கிய பாதையில் முழந்தாளிட்டு, நாட்கூலிக்கு அவர்கள் திறந்துவிட்ட நிலத்திற் சில துண்டுகளாவது முன்னர் கிளித்தட்டுக்குக் கோடு கீறிய வெளிகளாக இருந்திருக்கும். எது எது என்பதை அறிந்தோர் இன்னும் சிலரே உள்ளனர்; அவர்களும் எண்பதைத் தாண்டியவர்கள்.